ஒரு பேட்டரியில் இரண்டு வீடு

பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று டிவியில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதை டிவியில் கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் சாயங்காலம் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போது செருப்பை எப்படிக் கழற்றுகிறார் என்று பார்த்தாலே போதும். கழற்றி ஓரமாக வைத்தால் விலை நேற்று போலவே இருக்கிறது. உதறினால் ஏறியிருக்கிறது. இறங்கினால் எப்படிக் கழற்றுவார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

வடசென்னையில் எர்ணாவூர். அங்கே குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் எங்களுக்குத் தரைத்தளம். அடுத்த பிளாக்கில் மேல்மாடியில் என் தம்பியும் அவன் பொண்டாட்டியும். நான் வீட்டிலேயே உட்கார்ந்து கம்பெனிகளுக்குக் கையுறை தைக்கிறேன். இரும்பு தூக்குகிறவர்களும் மணலிப் பக்கத்து ஃபேக்டரிக்காரர்களும் போட்டுக்கொள்ளும் தடித்த துணிக் கையுறை. ஜன்னலுக்குப் பக்கத்தில் மெஷின். ஜன்னலுக்கு வெளியே இவருடைய ஆட்டோ நிற்கும் இடம். ஆகவே யார் எப்போது வண்டியை எடுத்தார்கள், எப்படி விட்டார்கள் என்பதெல்லாம் நான் வேண்டாம் என்றாலும் என் கண்ணில்தான் படும். இது பிற்பாடு எனக்குப் பெரிய தண்டனையாகிப்போனது.

இவருடையது பெட்ரோல் ஆட்டோ. தம்பியுடையது டீசலில் ஓடும் பழைய ஷேர் ஆட்டோ. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் ஆள் ஏற்றி ஏற்றி இறக்குவான். விலை ஏற ஏற இரண்டு பேரும் செய்யாத வித்தை இல்லை. பாலம் இறங்கும்போது என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவார்கள். சவாரி தேடிச் சுற்றுவதை நிறுத்திவிட்டு ஸ்டாண்டிலேயே குந்தியிருப்பார்கள். இவர் பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாற்றினார். கொஞ்ச நாள் மூச்சு விட்டோம். கேஸும் ஏறியது. ஸ்டாண்டில் ஒருவர் சிஎன்ஜிக்குப் போனார், பங்க்கில் வரிசையில் நின்று நின்று சவாரி நேரமெல்லாம் அங்கேயே போகிறது என்று தலையில் அடித்துக்கொண்டார். இன்னொருவர் ஆட்டோவுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, மகளுடைய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பைக் டாக்ஸி ஓட்டப் போய்விட்டார். இருபது வருஷம் ஆட்டோ ஓட்டிய மனுஷன். தெரிந்தவர்கள் எதிரில் வந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார்.

பேட்டரி ஆட்டோ முதன்முதலில் எங்கள் பக்கம் வந்தபோது ஸ்டாண்டே சிரித்தது. அது கிளம்பும் சத்தத்தைக் கேட்டு "மிக்சி வருது பாரு" என்பார்கள். அந்த மிக்சிக்காரன் பங்க் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று தெரிந்த பிறகு சிரிப்பு நின்றது. அப்புறம் ஒருவர் வாங்கினார், பின்னாலேயே இன்னொருவர். சிரித்தவர்கள் எல்லாம் வரிசையில் போனார்கள்.

எங்களுக்கு அந்த யோசனையைக் கொண்டுவந்தது என் தம்பிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"மாமா, ரெண்டு வண்டியும் நம்பள தின்னுகினு கீது. ரெண்டையும் தள்ளிட்டு ஒரு பேட்டரி வண்டி எடுத்துரலாம். பகல்ல நீ ஓட்டு. சாயங்காலம் நான் எடுத்துனு போய் விடிகாத்தால வுட்டுர்றேன்."

இதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் முடியாது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஆட்டோ என்றாலே அப்படித்தான். பகல் ஷிப்ட் ஒருவர், நைட் ஷிப்ட் ஒருவர். ஒருவர் இறங்குவார், இன்னொருவர் ஏறுவார், சீட்டில் சூடு ஆறாது. இவர் கல்யாணத்துக்கு முன்னால் ஓட்டியதே அப்படி ஒரு வாடகை வண்டியின் நைட் ஷிப்ட்தான். வண்டி என்றால் பங்க்கில் கொஞ்சம் ஊற்றினால் மறுபடியும் ஓடும். ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். அது களைப்பாக இருக்கிறது, படுக்க வேண்டும் என்று சொன்னதை நாங்கள் பார்த்ததில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால் நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன், தம்பியும் இவரும் ஒரே வண்டி என்றால் குடும்பம் இன்னும் ஒட்டிக்கொள்ளும் என்று. எவ்வளவு அறிவு பாருங்கள் எனக்கு.

ஷோரூமில் இருந்த பையன் நல்ல பையன். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று இவரைக் கேட்டான். இவர் தன் பகல் சவாரியை மட்டும் சொன்னார். தாராளமாகப் போதும், சாயங்காலம் வீட்டுக்குப் போய் மாட்டிவிட்டால் காலையில் முழுசாக இருக்கும் என்றான். தம்பி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். புது சீட்டை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி தான் ஓட்டப்போவதும் இருக்கிறது என்று அவனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பையன் ஏன் கேட்கப்போகிறான்? அவனுக்கு எதிரில் நின்றது ஒரு வண்டி வாங்க வந்த ஒரு ஆள்.

பழைய ஆட்டோ இரண்டும் போயின. இவருடையது யாரோ செங்குன்றம் பக்கத்து ஆளுக்கு. தம்பியின் டீசல் வண்டியை ஓட்டுவதற்கு வாங்க ஆளில்லை. சாத்தாங்காட்டுப் பக்கம் இரும்பு விலைக்குப் போயிற்று. அன்று அவன் சாப்பிடவில்லை என்று அவன் பொண்டாட்டி வந்து சொன்னாள். புது வண்டி வந்த காலையில் அதெல்லாம் மறந்துவிட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம், பூசணிக்காய் உடைத்தோம், தம்பி பொண்டாட்டி ஆரத்தி எடுத்தாள். அவளுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது. நான் கேசரி கிண்டினேன். இவர் முதல் ஷிப்ட் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் வந்து நிறுத்தினார். தம்பி குளித்து, காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு, கையில் ஒரு முழம் மல்லிகைப்பூ. புது வண்டியில் வைக்க. சாவியை வாங்கித் திருப்பினான். முன்னால் சின்னத் திரையில் கோடு கோடாக எரியும், நிறைந்திருந்தால் எட்டுக் கோடு, அதுதான் பேட்டரியின் வயிறு. அதைப் பார்த்தான்.

"இன்னா மாமா, ரெண்டு கோடுதான் கீது?"

"சார்ஜ் போடணும்டா."

"எம்மா நேரம்?"

இவர் என்னைப் பார்த்தார். பிளக் மாட்டும் வேலையைப் பற்றி ஷோரூம் பையன் எனக்குத்தான் விளக்கியிருந்தான். நான் சொன்னேன், இப்போது மாட்டினால் எல்லோரும் படுக்கிற நேரம் ஆகும் என்று.

முதலில் சிரித்தது தம்பிதான். அப்புறம் இவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வயரை விட்டேன். தம்பி வண்டிக்குள்ளேயே குந்திக்கொண்டு கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சம்பாத்தியமே அந்த நேரம்தான். கம்பெனி விடும் நேரம், ஸ்டேஷனில் கூட்டம் இறங்கும் நேரம். கோடு நிறைந்து அவன் கிளம்பும்போது ரோட்டில் நாய்தான் இருந்தது. பிறகு காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கிவிட்டு விடிகாலையில் வந்தான். இப்போது வண்டி காலி. இவர் முகம் கழுவி, விபூதி பூசி, சாவிக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மறுபடியும் பிளக். ஸ்கூல் பிள்ளைகள் சவாரி போயிற்று. அந்தப் பிள்ளைகளின் அம்மாமார்கள் போன் போட்டுக் கத்தினார்கள்.

யாருக்கு முழுசாகக் கொடுத்தாலும் மற்றவருக்கு நல்ல நேரம் போய்விடும். இதுதான் கணக்கு. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. ஒரு வண்டி இரண்டு ஆளைத் தாங்கும் என்று நம்பி இரண்டு வண்டியைத் தொலைத்திருந்தோம், திரும்பிப் போக வழியில்லை. இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்கலாமா என்று விசாரித்தோம். பாதி வண்டி விலை சொன்னார்கள். வேகமாக சார்ஜ் ஏற்றும் இடம் இருக்கிறதாமே என்று கேட்டோம். இந்த வண்டிக்கு அது பொருந்தாது என்றார்கள்.

ஆளாளுக்கு ஒரு யோசனை. இவர் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடும் நேரத்தில் மாட்டலாம் என்றான் தம்பி. சரி என்று மாட்டினோம். சித்திரை வெயிலில் எல்லா வீட்டிலும் ஃபேன் ஓடும் நேரம், எங்கள் பிளாக்கில் கரண்ட் அழுதுகொண்டு வரும். கோடு ஏறவே ஏறாது. வயரைத் தொட்டால் சுடும். ஒரு நாள் ஃபியூஸ் போய், மாடியில் இருப்பவர்கள் எல்லாம் இறங்கிவந்து என் வாசலில் நின்றார்கள். நானும் சும்மா இல்லை, உங்கள் வீட்டுக் கிரைண்டரும் டிவியும் என்ன காற்றிலா ஓடுகிறது என்று கேட்டேன். கேட்டு என்ன பயன்? மத்தியான சார்ஜ் அதோடு நின்றது.

அதற்கப்புறம்தான் அந்தப் பேய் பிடித்தது. முதலில் இவருக்கா அவனுக்கா என்று எனக்குத் தெரியாது. தான் மிச்சம் வைத்தால் அவன் காலி செய்துவிட்டு வந்து நிறுத்துவான் என்று இவருக்கு. மாமா எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கப்போவதில்லை, கிடைத்த கோட்டை நாமாவது முழுசாக ஓட்டிவிடுவோம் என்று அவனுக்கு. இவர் முன்பெல்லாம் வேண்டாம் என்று விடும் தூரத்துச் சவாரிக்கெல்லாம் போனார். மீஞ்சூர் வரைக்கும் போனார், திரும்பும்போது சவாரி இல்லாமல் வந்தார். தம்பி விடிகாலையில் வந்து வண்டியை விட்டால் திரையில் ஒரு கோடும் இருக்காது. சிவப்பாக ஒரு புள்ளி மட்டும் மினுக்கும்.

நான் நடுவில். இவருக்குச் சோறு போடும்போது தம்பிக்காகப் பரிந்து பேசுவேன். தம்பி வந்தால் இவருக்காகப் பரிந்து பேசுவேன். இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்கியதுதான் மிச்சம். பிளக் உன் வீட்டில் இருக்கிறது என்பதால் உன் புருஷனுக்குத்தான் நீ பார்ப்பாய் என்று தம்பி ஒரு நாள் சொல்லிவிட்டான். நேராகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். அன்று முழுக்க எனக்குத் தையல் ஓடவில்லை. ஒரே கைக்கு இரண்டு கையுறை தைத்து வைத்திருந்தேன். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. உன் தம்பி வேண்டுமென்றே வண்டியைச் சாகடித்துக் கொண்டுவந்து விடுகிறான் என்பார். நான் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் ஒரு வயரில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டிருந்தேன். அப்படித்தான் எனக்கு இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அறுத்துப் போடலாம் போல இருக்கும்.

ஒரு நாள் விடிந்த நேரம். தைத்த கையுறை மூட்டையைத் திருவொற்றியூரில் ஒப்படைப்பதற்காக முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். எர்ணாவூர் பாலத்தின் ஏற்றத்தில் எங்கள் வண்டி. விளக்கு இல்லை. தம்பி பக்கவாட்டில் நடந்துகொண்டே ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளுகிறான். பின்னால் ஒரு பெண் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளுகிறாள். சவாரி வந்த பெண்ணாக்கும் என்று நினைத்தேன். கிட்டே போனால் அவன் பொண்டாட்டி. வயிறு நன்றாகத் தெரிகிற மாதம். வயிறு வண்டியில் இடிக்காமல் இருக்க உடம்பை ஒருக்களித்துக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கண்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன.

மூட்டையை வண்டிக்குள் போட்டுவிட்டு நானும் கை கொடுத்தேன். மேட்டுக்கு வந்ததும் வண்டி இலேசானது, தம்பி தாவி ஏறி பிரேக்கைப் பிடித்தான். அவள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன். ரொம்ப நாளாக என்றாள். ஒரு ஆள் தனியாகத் தள்ளினால் ஹேண்டிலைப் பிடிக்க முடியாது, எங்காவது நடுரோட்டில் நின்றால் இரண்டு பேர் வேண்டும், அதனால் தானும் வண்டியில் ஏறிக்கொள்வதாகச் சொன்னாள். பகலில் தூங்கிக்கொள்கிறாளாம்.

"யக்கா, மாமா கைல சொல்லாத. அப்பால அவரு அதுக்கும் எதுனா சொல்வாரு" என்றாள்.

சொல்லாமல் இருப்பேனா? வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்து உலுக்கினேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். மனுஷனா நீ என்று கேட்டேன். பிள்ளைத்தாச்சியைப் பாலத்தில் வண்டி தள்ள விட்டுவிட்டு உனக்குச் சோறு எப்படி இறங்குகிறது என்று கேட்டேன். இவர் திருப்பிக் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இன்னா பண்ணட்டும்? எட்டு கோட்ட பதினாறாக்க எனக்குத் தெரியுமா? வண்டிய அவனாண்ட குடுத்துட்டு நான் இன்னாத்துக்குப் போறது, சொல்லு."

மறுநாளிலிருந்து இவர் கொஞ்சம் சீக்கிரம் வந்து வண்டியை விட்டார். ஒரு கோடு கூடுதலாக இருக்கும். அதைத் தம்பி கவனித்தானா என்று தெரியவில்லை. அதற்குள் அவர்களுக்குள் பேச்சே நின்றுபோயிருந்தது. சாவியை ஜன்னல் கம்பியில் மாட்டுவார்கள், எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் நான்தான் வாய்.

ஒரு வாரமோ பத்து நாளோ போனது. ஒரு சாயங்காலம் தம்பி வந்தான். காக்கிச் சட்டை போடவில்லை. இவர் அப்போதுதான் வண்டியை நிறுத்தியிருந்தார். தம்பி சாவியை எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக நான் விட்டிருந்த வயரைப் பிடித்து இழுத்து, அவனே வண்டியில் மாட்டினான். பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து இவரைப் பார்த்துப் பேசினான், மாசக்கணக்கில் பேசாதவன்.

"நீயே வெச்சிக்க மாமா. காலைல ஃபுல்லா எடுத்துனு போ. ஒரு பேட்டரில ரெண்டு வூடு நடக்காது."

கண்டெய்னர் டிரெய்லரில் இரண்டாவது டிரைவராகப் போகிறானாம். ஹார்பரிலிருந்து எடுத்தால் வடக்கே நாக்பூர், டெல்லி என்று போகும், அங்கே லோடு கிடைத்தால் அதற்கும் அப்பால் போகும். திரும்ப எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது. ஓனரிடம் பேசி முடித்துவிட்டான், நாளைக்கே வண்டி ஏறுகிறான். டீசல் யார் போடுவது என்று கேட்கத் தேவையில்லை, ஓனர் போடுவார். அவன் அதைச் சொல்லிச் சிரித்தான். இனிமேல் எவ்வளவு ஏறினாலும் எனக்கு என்ன என்றான்.

இவர் போகாதே என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். எதை வைத்துச் சொல்வது? போகாதே என்றால் இங்கே இருந்து எதை ஓட்டுவான்? என் கூடப் பிறந்தவன், நான் தூக்கி வளர்த்தவன், அப்பனாகி மடியில் குழந்தையை வாங்க வேண்டிய நேரத்தில் ஊரை விட்டுப் போகிறான், நான் புத்தி குழம்பிப்போய் நிற்கிறேன். ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போடா என்றேன். அதைத்தான் சொல்ல வந்தது எனக்கு.

அவன் பொண்டாட்டி வியாசர்பாடியில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். குழந்தை அங்கேதான் பிறந்தது, பெண். தம்பி அப்போது எங்கோ ஒரு டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். நான்தான் போனில் முகத்தைக் காட்டினேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. மூக்கு யார் மாதிரி இருக்கிறது என்று கேட்டான், நான் பதில் சொல்வதற்குள் கட்டாகிவிட்டது.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னால் இன்னும் தாங்க முடியாதது.

தம்பி போனபிறகு இவர் வண்டி எப்போதும் போல ஓடியது. காலையில் முழுசாக எடுத்துக்கொண்டு போவார், ஸ்கூல் பிள்ளைகள், ஸ்டாண்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பாடு, அப்புறம் சாயங்காலம் வரைக்கும். ஒரு நாள் பிளக் மாட்டப் போனபோது திரையைப் பார்த்தேன். நாலு கோடு இருந்தது. சவாரி சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் நாலு. அதற்கடுத்த நாள் மூன்று. பிறகு மறுபடி நாலு. கொண்டுவந்து கையில் கொடுப்பது குறையவில்லை. தம்பி இருந்தபோது கொடுத்ததைவிட ஒரு படி கூடத்தான்.

நான் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். யோசிக்க வேண்டியிருந்தது. பேட்டரி அதேதான். மனுஷனும் அதே மனுஷன். ரோடும் அதே ரோடு. முன்பு ஏன் பத்தவில்லை? பத்தாமல் போனது பேட்டரியாலா? அவன் எடுத்துவிடுவானோ என்று இவர் ஓட்டினார். இவர் வைக்க மாட்டார் என்று அவன் ஓட்டினான். மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் காலி வண்டியை விரட்டி விரட்டி, ஒருத்தர் பங்கை ஒருத்தர் ரோட்டில் கொட்டியிருக்கிறார்கள். இன்று மிஞ்சி நிற்கிற இந்த நாலு கோட்டில் ஒருத்தன் சாயங்கால சவாரி முழுசும் ஓட்டியிருக்கலாம். முழு வயிறு இல்லை, ஆனால் பிள்ளைத்தாச்சி பாலத்தில் தோள் கொடுத்திருக்க வேண்டாம். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

இவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, தினமும் அதை ஓட்டிக்கொண்டு வருகிறவர் அவர்தானே. அவருக்கும் கண் இருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் திரையைப் பார்க்காமல் சாவியைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். அந்தத் திரையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பேச்சும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் பார்த்தால் கோடு ஒன்றும் இல்லை. சிவப்புப் புள்ளி. மறுநாளும் அப்படியே. தினமும் அப்படியே. சவாரி கூடிவிட்டது என்று நினைத்தேன், ஆனால் கையில் வருவது அதே அளவுதான். பேட்டரிக்கு ஏதோ கோளாறு என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதைக் கேட்கலாம் என்று இருந்தபோது, எங்கள் பிளாக்கில் கூடையில் மீன் விற்க வரும் அக்கா வாசலில் நின்று சொன்னாள்.

"இன்னா உன் வூட்டுக்காரரு, அத்திப்பட்டு பக்கம் காலி வண்டிய ஓட்டிகினு போறாரு. கூடையும் கையுமா நின்னுகினு கைய காட்றேன், திரும்பிக்கூடப் பாக்கல. போன வாரமும் அப்டித்தான்."

அன்று சாயங்காலம் இவர் வந்தார். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். அத்திப்பட்டில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். சந்தேகத்தோடுதான் கேட்டேன், பொய் சொல்வானேன். பொம்பளை சகவாசமோ, குடியோ என்றுகூட நினைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இவர் குழாயை மூடினார். மூடியும் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"மிச்சம் வெச்சுகினு வந்து நிறுத்துனா, அவன் வந்து குந்திகினு கீற மாரியே கீது. அத்த தீத்துட்டுத்தான் என்னால வூட்டுக்குள்ள வர முடியுது."

தினமும் சவாரி முடிந்தபிறகு, எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கமெல்லாம் காலி வண்டியை ஓட்டி ஓட்டி, மீதியைத் தீர்த்துவிட்டு வந்திருக்கிறார். சொட்டு பெட்ரோலுக்குச் செருப்பை உதறிய மனுஷன். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவனைக் கூப்பிட்டுவிடலாம், திரும்பி வரச்சொல்லலாம், இனிமேல் ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பங்கு பிரித்து ஓட்டினால் ஆகாதா என்று கேட்டேன்.

"அவன் வந்தா பத்தாது. வரலன்னா மிஞ்சுது. எங்க ரெண்டு பேரையும் உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும்.

பிளக் மாட்டப் போய் நின்றபோது என் போன் அடித்தது. தம்பி. எங்கோ ஒரு தாபாவில் லாரியை நிறுத்தியிருக்கிறான். குழந்தையைப் பற்றிக் கேட்டான், சொன்னேன். சாப்பாட்டைக் கேட்டேன், சப்பாத்தி என்றான், நாக்கு செத்துவிட்டது என்றான். எனக்குத் தெரியும் அவன் அடுத்து எதைக் கேட்பான் என்று.

"வண்டி எப்டி ஓடுதுக்கா? மாமாவுக்கு இப்ப சார்ஜ் நிக்குதா?"

எதிரில் திரை. ஒரு கோடும் இல்லை. சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

"எங்கடா நிக்குது. ஒரு ஆளுக்கே பத்தல" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் பெருமூச்சு விட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா? நான் வந்தது நல்லதாப் போச்சு" என்றான்.

ஆமாம்டா என்று சொன்னேன். அவன் இன்னும் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, குனிந்து பிளக்கை மாட்டினேன்.